உதயசூரியன் திண்டுக்கல்லுக்குத் திரும்பிய வழி

1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. 2019 மே மாதம் அதே தொகுதியில் அதே கட்சியின் ப. வேலுச்சாமி 5,38,972 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். இரண்டுக்கும் நடுவே 46 ஆண்டுகள். இழந்த வாக்காளரைத் திரும்பப் பெற ஒரு கட்சி என்னென்ன செய்ய வேண்டியிருந்தது, அதில் எது கைக்கு வந்தது, எது கைநழுவியது என்பதற்கு இந்த ஊரைவிட நல்ல சான்று இல்லை.

1971இல் திமுக சட்டமன்றத்தில் 184 இடங்களைப் பிடித்திருந்தது. திண்டுக்கல் மக்களவை உறுப்பினர் ராஜாங்கமும் அக்கட்சிக்காரரே. அவர் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. அதற்குள் 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அண்ணா திமுகவைத் தொடங்கியிருந்தார். ஏழு மாதமே ஆன அந்தக் கட்சியின் வேட்பாளர் வழக்கறிஞர் கே. மாயத்தேவர். இரட்டை இலை முதன்முதலில் களம் கண்டது இங்கேதான். ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம் வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் சார்பில் நின்ற என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். ஆட்சியில் இருந்த திமுகவின் பொன். முத்துராமலிங்கம் ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தது. படம் ஒரு காரணம்தான். நேற்றுவரை உதயசூரியனுக்குச் சுவரெழுதிய கை இன்று இரட்டை இலையை வரைந்தது என்பதே பெரிய காரணம். எம்.ஜி.ஆர். ரசிகர் மன்றங்களில் இருந்த இளைஞர்கள் தெருத்தெருவாகக் கட்சி மாறினார்கள். திமுக இழந்தது வாக்குகளை மட்டுமல்ல, அவற்றைக் கேட்டு வாங்கிவந்த ஆட்களையும்தான்.

1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மீண்டும் ஆட்சிக்கு வர 1989 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 13 ஆண்டுகளில் கட்சியை உயிரோடு வைத்திருந்தவை தெருமுனைக் கூட்டமும் படிப்பகமும் போராட்டமும். இரண்டு டியூப் லைட், ஒரு மைக் செட், நான்கு பெஞ்சு இருந்தால் கூட்டம் போட்டுவிடலாம். பேச்சாளர் பேருந்தில் வந்து, இரவு பத்து மணிவரை பேசி, கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்து, விடியற்காலை வண்டி ஏறுவார். படிப்பகத்தில் கட்சி நாளேடான ‘முரசொலி’யை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டு வாதம் செய்வார்கள். 1982இல் திருச்செந்தூர் கோயில் அதிகாரி சுப்பிரமணிய பிள்ளையின் மரணத்துக்கு நீதி கேட்டு, கருணாநிதி மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை நடந்தார். அப்போது திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமானது. 1986 உள்ளாட்சித் தேர்தலில் பெரும்பாலான நகராட்சிகள் திமுக வசம் வந்தபோது, அந்த உழைப்பின் பலன் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் திண்டுக்கல் மக்களவைத் தொகுதி வேறு கதை சொல்கிறது. 1980இல் இங்கே உதயசூரியன் வென்றது, வென்றவர் மாயத்தேவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் இரட்டை இலையில் நின்று திமுகவைத் தோற்கடித்த அதே மாயத்தேவர். அதன்பின் 2019 வரை, 39 ஆண்டுகள், இத்தொகுதியில் உதயசூரியன் வெல்லவில்லை. இடையில் மூன்று முறை அதன் அணி வென்றது: 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2004லும் 2009லும் காங்கிரஸ். மூன்று முறையும் வேட்பாளர் என்.எஸ்.வி. சித்தன். 1973இல் திமுகவை மூன்றாமிடத்துக்குத் தள்ளிய இருவரில் ஒருவர் அதன் சின்னத்திலும், மற்றவர் அதன் கூட்டணியிலும் நின்று அதற்கு வெற்றி தேடித் தந்தார்கள். அன்றைய திமுக வாக்காளரை மீட்டது பெரும்பாலும் இப்படித்தான்: தன்னை வென்றவர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு.

நகரத்துச் சட்டமன்றத் தொகுதியிலும் இதே கணக்கு. மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலபாரதி 2001, 2006, 2011 என மூன்று முறை வென்றார். முதல் முறையும் மூன்றாம் முறையும் அதிமுக அணியில், நடுவில் திமுக அணியில்.

திமுகவின் இரண்டாவது நீண்ட காத்திருப்பு 2011இல் தொடங்கியது. அந்த ஆண்டு மாநிலம் முழுக்க அதற்கு 23 இடங்களே கிடைத்தன. அவற்றில் இரண்டு இந்த மாவட்டத்தவை: ஆத்தூரில் ஐ. பெரியசாமி, ஒட்டன்சத்திரத்தில் அர. சக்கரபாணி. 2014 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. 2015இல் மு.க. ஸ்டாலின் ‘நமக்கு நாமே’ பயணம் தொடங்கினார். 2019 ஜனவரியில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இலக்காக வைத்து ஊராட்சி சபைக் கூட்டங்கள் தொடங்கின. 2016 இறுதியிலிருந்து ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை என்று சொல்ல ஊரில் ஆளில்லாத காலம் அது. அந்த வெற்றிடத்தில்தான் இந்தக் கூட்டங்கள் நடந்தன.

அன்றைய தெருமுனைக் கூட்டத்தில் மேடை பேசும், தெரு கேட்கும். பெண்கள் பெரும்பாலும் வாசற்படியில் நின்று கேட்டார்கள். ஊராட்சி சபையில் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து மைக்கை வாங்கிப் பேசினார்கள், தலைவர் கேட்டார். இது பெரிய மாற்றம். 2021இல் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்ச்சிகளில் மனுக்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, நூறு நாளில் தீர்வு என்று சொன்னார்கள். மனு கொடுத்தவர் கையில் ஒப்புகைச் சீட்டு இருந்தது. ஆட்சிக்கு வந்ததும் அந்த மனுக்களுக்கென்று தனித் துறையே அமைந்தது.

ஆனால் மனு வேறு, வாதம் வேறு. படிப்பகத்தில் உட்கார்ந்தவர் தன் ரேஷன் கார்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. மாநில சுயாட்சி, இந்தித் திணிப்பு, நில உச்சவரம்பு என்று எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. சம்மதிக்காவிட்டால் கட்சிக்காரரிடமே மல்லுக்கட்டினார். இன்று வாக்குச்சாவடி முகவரிடம் பாகம் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று அவருக்குத் தெரியும். வாட்ஸப் குழுவில் தலைமையின் செய்தி நொடியில் வந்துவிடும். கீழிருந்து பதில் போக அவ்வளவு எளிய வழி இல்லை. 2020இல் திமுக ஐபேக் என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தைத் துணைக்கு அழைத்தது. கணிப்பு துல்லியமானது; ஆனால் ஊர்க்காரர் சொல்லித் தெரிய வேண்டியதை நிறுவனம் அறிக்கையாகத் தரும் நிலை வந்தது.

வாக்காளரும் மாறியிருக்கிறார். 2019இல் மக்களவைத் தேர்தலோடு நிலக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, இரண்டு இயந்திரங்கள். டெல்லிக்கு உதயசூரியனைத் தொகுதியே அள்ளித் தந்த நாளில், கோட்டைக்கு நிலக்கோட்டை அனுப்பியது இரட்டை இலையின் எஸ். தேன்மொழியை. 1973இல் ஊரே ஒரு பக்கம் சாய்ந்தது. 2019இல் ஒரே வாக்காளர் இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடை சொன்னார். அவரை ‘நம்ம ஓட்டு’ என்று எந்தக் கட்சியும் இனி கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

2021இல் மாவட்டத்தின் ஏழு தொகுதிகளில் திமுகவுக்கு நான்கு, அதிமுகவுக்கு மூன்று. ஆத்தூரில் பெரியசாமி 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்தில் அதுவே அதிகம். பக்கத்திலேயே திண்டுக்கல் நகரில் திமுக அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளரை அதிமுகவின் திண்டுக்கல் சி. சீனிவாசன் வென்றார். 2024இல் மக்களவைத் தொகுதியையும் திமுக மார்க்சிஸ்ட் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது, ஆர். சச்சிதானந்தம் 4,43,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 39 ஆண்டு காத்துப் பெற்ற தொகுதியை அடுத்த தேர்தலிலேயே தோழமைக்குத் தர முடிந்தது பலம்தான். அதே சமயம், சொந்தச் சின்னத்தில் நின்று ஊர்ச் சம்மதத்தைச் சோதித்துக்கொள்ளும் பழக்கம் குறைந்தது இழப்பு. எதிர்ப்பக்கத்திலும் இதே நிலைதான். இரட்டை இலை பிறந்த தொகுதியை அதிமுக 2019இல் பாமகவுக்கும் 2024இல் எஸ்டிபிஐக்கும் கொடுத்தது. மாயத்தேவர் 2022இல் சின்னாளபட்டியில் காலமானபோது, அந்த இடைத்தேர்தலின் நினைவும் ஊரில் முதியவர்களிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

திமுக வாக்குகளை மீட்டதைச் சாதனை என்றே சொல்வேன். 23 இடங்களிலிருந்து ஆட்சிக்கு வருவது சும்மா நடக்கவில்லை. கூட்டணி அதற்குத் தோள் கொடுத்தது, தொழில்நுட்பம் வேகம் கொடுத்தது. ஆனால் அந்த மீட்பின் மையம், தோற்ற கட்சி ஊருக்குள் போய் உட்கார்ந்து கேட்டதில்தான் இருந்தது. தோல்வி வந்தால் கேட்பதும் பதவி வந்தால் பேசுவதும் எல்லாக் கட்சிகளின் வழக்கமாகிவிட்டது. திண்டுக்கல் வாக்காளர் இந்த வழக்கத்தை நன்றாகவே அறிந்தவர். ஆட்சியில் இருந்த கட்சியை மூன்றாமிடத்துக்கு அனுப்பியது இந்த ஊர். வென்ற பிறகும் படிப்பகம் திறந்திருக்க வேண்டும், ஊராட்சி சபையில் கட்சிக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும், அங்கே அவரை எதிர்த்துப் பேசவும் இடம் இருக்க வேண்டும். அப்படி இருக்கும் கட்சி இனி ஒருமுறை தோற்றாலும், திரும்பி வர 39 ஆண்டுகள் ஆகாது.