வட்டி குறைஞ்சா பென்ஷன் ஃபண்டில் ஏன் ஓட்டை விழுது?



வட்டி குறைஞ்சா ஹோம் லோன் கட்டுறவங்களுக்கு லாபம், எஃப்டி போட்டிருக்கிற நம்ம அப்பா அம்மாவுக்கு நஷ்டம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா, "ரிட்டயர் ஆனதும் பென்ஷன் தர்றேன்"னு வாக்குக் கொடுத்த நிறுவனத்துக்கும் அப்போ அடி விழும். அது எப்படின்னு பார்ப்போம்.

யாரோட ரிஸ்க்?

2010 ஏப்ரல் 1-க்கு முன்னாடி அரசு வங்கியில் சேர்ந்து, பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு சம்பளம், சர்வீஸ் அடிப்படையில் ஆயுள் முழுக்க பென்ஷன் உண்டு. அதுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ். என்பிஎஸ்-ல் வருமானம் குறைஞ்சா பாதிப்பு ஊழியருக்கு. பழைய திட்டத்தில் பாதிப்பு வங்கிக்கு.

கணக்கைப் பாருங்க

20 வருஷம் கழிச்சு 1 கோடி ரூபாய் தரணும். இன்னைக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

- வட்டி 8% என்றால்: சுமார் 21.45 லட்சம்
- வட்டி 6% என்றால்: சுமார் 31.18 லட்சம்

புதுசா ஒருத்தர் கூட வேலைக்குச் சேரலை, யாருக்கும் சம்பளம் ஏறலை. ஆனா சுமை சுமார் 45% கூடிடுச்சு!

இந்த வட்டியை நிறுவனம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. கணக்கு முடிக்கும் தேதியில் அரசு கடன் பத்திரங்கள் தரும் வருமானம்தான் அடிப்படை. 10 வருஷ பத்திரத்தில் அது 2020-ல் 6%-க்குக் கீழே போச்சு. 2022-ல் 7%-ஐத் தாண்டுச்சு.

"வட்டி குறைஞ்சா ஃபண்டில் இருக்கிற பத்திரங்களோட விலை ஏறுமே?" சரியான கேள்வி. ஏறும். ஆனா பத்திரம் 10 வருஷத்தில் முடிஞ்சு, பென்ஷன் 30 வருஷம் ஓடினா, சொத்தை விட சுமைதான் வேகமா ஏறும். அந்த இடைவெளியை நிறுவனம்தான் நிரப்பணும்.

அப்போ வட்டி ஏறினா நிம்மதியா?

அதுவும் முழுசா இல்லை. பிரிட்டனில் பல பென்ஷன் ஃபண்டுகள், வட்டி குறைவதிலிருந்து தப்பிக்க, கடன் வாங்கி அரசு பத்திரங்களில் முதலீடு செஞ்சிருந்தாங்க. 2022 செப்டம்பர் 23 அன்று வந்த மினி பட்ஜெட்டுக்குப் பிறகு வட்டி எகிறி, பத்திர விலை சரிஞ்சது. கடன் கொடுத்தவங்க கூடுதல் பணம் கேட்டாங்க. அதுக்காகப் பத்திரங்களை விற்க, விலை இன்னும் சரிஞ்சது. செப்டம்பர் 28-ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட்டு, மொத்தம் 1,930 கோடி பவுண்டுக்குப் பத்திரங்கள் வாங்கித்தான் நிலைமையைக் காப்பாத்துச்சு. இத்தனைக்கும் வட்டி ஏறினதால் நீண்டகால சுமை குறைஞ்சுதான் இருந்தது. அன்றைக்குக் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

நீங்க என்ன செய்யணும்?

"நான் பிரைவேட் கம்பெனி, எனக்கு பென்ஷனே இல்லை"ன்னு விட்டுடாதீங்க. உங்க கிராஜுவிட்டிக்கும் இதே கணக்குதான். பல கம்பெனிகள் அதுக்குத் தனி ஃபண்டே வைக்கிறதில்லை. கம்பெனி மூழ்கினா நீங்க வரிசையில் நிற்க வேண்டி வரும்.

கம்பெனியின் ஆண்டறிக்கையில், ஊழியர் பலன்கள் பற்றிய குறிப்பில் மூணு எண்களைப் பாருங்க: மொத்த சுமை எவ்வளவு, அதுக்கு எதிரா ஃபண்டில் எவ்வளவு, கணக்குக்கு எடுத்த வட்டி எவ்வளவு. முதல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் வருஷா வருஷம் பெரிசாகுதுன்னா, உங்க ரிட்டயர்மென்ட்டுக்கு அந்த ஒரு பணத்தை மட்டும் நம்பி இருக்காதீங்க.