கொடைக்கானல் காட்டேஜில் டிடிஎச் மாத்தப்போறீங்களா? ஆஃபரைப் பார்க்கும் முன் மரத்தைப் பாருங்க!

சென்னை ஃபிளாட்டில் டிடிஎச் கம்பெனியை மாற்றுவது ஒரு போன் கால் வேலை. டெக்னீஷியன் வருவார், மொட்டை மாடியில் டிஷ்ஷை மாட்டுவார், அரை மணி நேரத்தில் டிவி ஓடும். அதே தைரியத்தில் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருக்கும் வீக்எண்ட் காட்டேஜுக்கும் 'இந்த ஆஃபர் நல்லா இருக்கே' என்று பணம் கட்டிவிடுகிறார்கள் பலர். மலை ஏறி வந்த டெக்னீஷியன் வானத்தைப் பார்த்துவிட்டு, "சார், இங்க சிக்னல் கிடைக்காது" என்று சொல்லும்போதுதான் சிக்கல் புரிகிறது.

"பழைய கனெக்‌ஷன் இத்தனை வருஷம் நல்லாத்தானே ஓடுச்சு?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பழைய டிஷ் பார்த்த திசை வேறு, புது டிஷ் பார்க்க வேண்டிய திசை வேறு.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு திசை

டிடிஎச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றுகின்றன. அதனால்தான் டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். ஆனால் எல்லா கம்பெனியும் ஒரே செயற்கைக்கோளைப் பயன்படுத்துவதில்லை. டாடா பிளே 83 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் இருக்கிறது. 2022 ஜூனில் ஏவப்பட்ட ஜிசாட்-24 முழுக்க அதற்கே குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஏர்டெல் 108.2 டிகிரியில் இருக்கிறது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு 93.5 டிகிரி.

இதைக் கொடைக்கானலில் நின்று பார்த்தால் என்ன ஆகும்? 83 டிகிரி செயற்கைக்கோள் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, தரையிலிருந்து சுமார் 76 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. 108.2 டிகிரி செயற்கைக்கோளோ ஏறக்குறைய நேர் கிழக்கில், சுமார் 52 டிகிரி உயரத்தில். டிடி ஃப்ரீ டிஷ் இரண்டுக்கும் நடுவில், தென்கிழக்கில் சுமார் 68 டிகிரி.

சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலையில், மரங்களுக்கு நடுவே, இதுதான் எல்லாமே. டிஷ்ஷை விட 20 மீட்டர் உயரமான ஒரு யூகலிப்டஸ் இருக்கிறது என்று வையுங்கள். தலைக்கு மேலே பார்க்கும் டிஷ்ஷை அது மறைக்க வேண்டுமானால் 5 மீட்டருக்குள் நிற்க வேண்டும். கிழக்கே 52 டிகிரியில் பார்க்கும் டிஷ்ஷை 15 மீட்டர் தள்ளி நின்றே மறைத்துவிடும். கிழக்குப் பக்கம் செங்குத்தான சரிவோ, பைன் தோப்போ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

'அப்போ மரத்தை வெட்டிடலாம்' என்பது அவ்வளவு சுலபமில்லை. மலைப் பகுதிகளில் மரங்களைப் பாதுகாக்க 1955லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சொந்த பட்டா நிலமாக இருந்தாலும் அதற்கான குழுவின் அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. டிவி சிக்னலுக்காக அந்த வழியில் போவதைவிட கம்பத்தை நாலடி தள்ளி நடுவது புத்திசாலித்தனம்.

போனை வைத்தே செக் பண்ணலாம்

பணம் கட்டும் முன், டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நின்று போனில் காம்பஸைத் திறங்கள். டாடா பிளேவுக்கு சுமார் 152 டிகிரி, டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு 122, ஏர்டெல்லுக்கு 107. அந்தத் திசையில் மேலே சொன்ன உயரத்துக்குப் பார்வையை உயர்த்துங்கள். வெறும் வானம் தெரிந்தால் சரி. இலை தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது கம்பெனியை. கேமரா வழியே செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்களும் இருக்கின்றன. 'சாட்டிலைட் ஃபைண்டர்' என்று தேடினால் கிடைக்கும். மரம் வளரும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று விளிம்பில் தப்பிக்கும் கிளை, மூன்று வருஷத்தில் குறுக்கே வந்துவிடும்.

பழைய டிஷ் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டு டிஷ்கள் 'ஆஃப்செட்' வகை. கண்ணுக்கு நிமிர்ந்து தெரிந்தாலும், அது பார்ப்பது அதைவிட சுமார் 25 டிகிரி மேலே.

அடுத்து மழை. பனிமூட்டத்தால் சிக்னல் போவதில்லை. பெருமழைதான் டிடிஎச் பயன்படுத்தும் கேயு பேண்ட் அலைகளை விழுங்குகிறது. சாய்வாக வரும் அலை மழைக்குள் அதிக தூரம் கடக்க வேண்டும். 76 டிகிரியுடன் ஒப்பிட்டால் 52 டிகிரியில் அந்த தூரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதனால் வானம் தெளிவாக இருக்கும்போது 'ஏதோ ஓடுது' என்கிற அளவு சிக்னலோடு டெக்னீஷியனை அனுப்பிவிடக் கூடாது. ஐப்பசி மழையில் முதலில் போவது அதுதான்.

பழைய பாக்ஸை என்ன செய்வது?

மொபைலில் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. டிடிஎச்சில் அப்படி ஒன்று இல்லை. எந்த கம்பெனிக்கும் மாறலாம் என்கிற பொது செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆக, மாறினால் பழைய பாக்ஸ் பெட்டிக்குள்தான். மீதமிருக்கும் பேலன்ஸும் புது கம்பெனிக்கு வராது, தீர்த்துவிட்டு மாறுங்கள். கம்பமும் ஒயரும் மட்டும் பெரும்பாலும் மறுபடி பயன்படும், குரங்குகள் விட்டுவைத்திருந்தால்.

மாறும் காரணம் 'வருஷத்துல நாலு தடவைதான் போறோம், மாசாமாசம் ஏன் கட்டணும்' என்பதுதான் என்றால், மாறவே வேண்டியதில்லை. டிராயின் 2017 விதிகளின்படி, 15 நாள் முன்னதாகச் சொன்னால் கனெக்‌ஷனைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். குறைந்தது ஒரு மாதம். இதற்கான கட்டணத்தை கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்று 2024ல் மாற்றிவிட்டார்கள், அதனால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். செய்தியும் டிடி தமிழும் போதும் என்பவர்களுக்கு மாதச் சந்தாவே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஆனால் சன் டிவி, விஜய் டிவிக்குப் பழகிய வீட்டில் அது எடுபடாது.

எல்லாம் பார்த்தும் மாறத்தான் வேண்டும் என்றால், பழைய டிஷ்ஷை அன்றைக்கே கழற்ற விடாதீர்கள். புதியது ஒரு நல்ல மழையைத் தாண்டட்டும்.