வலிக்காத புண்

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையென்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்காலுக்கும் இதே விதிதான். எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டி, தமிழ்நாட்டின் நாகூருக்குப் போனாலும் இதேதான். நோயே இல்லாதவருக்கு எதற்குச் சோதனை?

பால்வினை நோயான சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. பெண்களுக்குப் பல நேரம் உள்ளே, கருப்பை வாயில்கூட வரும், கண்ணில் படாது. சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும். சுருள் சுருளான அந்தக் கிருமியின் மேற்பரப்பில், நம் எதிர்ப்பு சக்தி அடையாளம் காணக்கூடிய புரதங்கள் மிகக் குறைவு. அதற்கு அவசரமும் கிடையாது. குடலில் வாழும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். சிபிலிஸ் கிருமிக்கு ஒரு நாளுக்கு மேல், சுமார் 30 மணி நேரம் பிடிக்கும்.

பெனிசிலின் கிருமியைக் கொல்வது, அது வளர்ந்து தன் சுவரைக் கட்டும்போதுதான். ஆகவே மருந்தும் உடம்பில் காத்திருக்க வேண்டும். இடுப்பில் போடும் பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், கெட்டியான வெள்ளைக் கலவை. தசைக்குள் தங்கி இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வலிக்கும் ஊசிதான். ஆனால் 1943இல் சிபிலிஸுக்கு முதன்முதலாகக் கொடுத்த பெனிசிலினை இந்தக் கிருமி இன்றுவரை எதிர்க்கக் கற்கவில்லை. எத்தனையோ மருந்துகள் தோற்றுப்போன காலத்தில் இதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

குணமானவருக்கும் மறுபடி தொற்றும். வாடிக்கையாளர் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் போட்ட ஊசி எத்தனை நாளைக்கு? ஆபத்து சிபிலிஸோடு நிற்பதும் இல்லை. புண் இருக்கும் இடத்தில் எதிர்ப்பு அணுக்கள் கூடுகின்றன. எச்ஐவி தேடிவருவதும் அவற்றைத்தான்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூரில் சோதித்தார்கள். ஆறு பேருக்கு எச்ஐவி. இந்தியாவுக்குள் அது வந்துவிட்டது என்று நாடு அறிந்தது அந்தப் பெண்களால். பரப்பியவர்கள் என்ற பழியையும் அவர்கள் தலையில்தான் போட்டோம். பெரிய அநியாயம் அது. அவர்களுக்குக் கொடுத்தவன் யார் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் தொற்றுகளைத் தடுக்கும் வழி ஆணுறை. கைப்பையில் அது இருந்தாலே வழக்குக்குச் சாட்சி என்றால் எந்தப் பெண் எடுத்துச் செல்வாள்? ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. காரைக்கால் காவல் நிலையங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை.