குதிரையைக் கொடுத்து நேரத்தை வாங்குதல்

சதுரங்கத்திலே நன்கு தேர்ந்த ஒருவர், ஆராய்ந்தால் செல்லாது என்று தாமே அறிந்த ஒரு தொடக்கத்தை வேண்டுமென்றே கையாளுவதுண்டு. நிதானமாக நடைபெறும் ஆட்டத்தில் இது அரிது. கடிகாரம் துரத்தும் மின்னல் ஆட்டத்திலேயே மிகுதி. பெரியவர் ஆடியதைப் பார்த்துத் தாமும் ஆடலாமா என்று சாய்ந்தமருதிலோ கல்முனையிலோ பலகை விரிக்கும் ஒரு மாணவன் கேட்பானாயின், அது ஆராயத்தக்க கேள்வியே.

காய் ஒன்றை ஈந்து தொடங்கும் முறையை மேனாட்டார் கம்பிற் என்பர். மல்லர்கள் எதிரியின் காலை இடறி வீழ்த்துவதைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழிவந்தது அது. 1561ஆம் ஆண்டிலே சதுரங்க நூல் இயற்றிய ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் அதனை வழங்கினார். நம்மவர் காலை வாரிவிடுதல் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுவேயன்றோ! எல்லாக் கம்பிற்றும் பழுதுடையன அல்ல. ராணியின் பக்கத்துக் காலாளை ஈயும் முறை இன்றும் தலைசிறந்த ஆட்டக்காரரிடையே வழங்குகின்றது. ஈந்ததற்குத் தக்க பயன் கிட்டாதவையே பழுதுடையன.

அவற்றுள் ஒன்று நமது பகுதியிலேயே பிறந்தது. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஸ்கொட்லாந்து நாட்டவர் ஜோன் கொக்ரேன், தம் காலத்து வலிய ஆட்டக்காரருள் ஒருவர். அவருடன் பலகாலும் ஆடியவர் மஹேஷ்சந்திர பானர்ஜி என்னும் வங்காளத்து அந்தணர். 1848ஆம் ஆண்டில் இவருக்கெதிராகக் கொக்ரேன் நான்காம் நகர்விலேயே ஒரு குதிரையைப் பலியிட்டார். இன்றும் அத்தொடக்கம் கொக்ரேன் பெயராலேயே வழங்குகின்றது.

அதன் போக்கு இது. இரு புறத்தாரும் அரசனின் முன்னிற்கும் காலாளை இரு கட்டம் முன்னேற்றுவர். பின்னர் இருவரும் அரசன் பக்கத்துக் குதிரையை வெளிக்கொணர்வர். வெள்ளைக் குதிரை எதிரியின் நடுக் காலாளை வெட்டும். கறுப்பு, வேறொரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தி அக்குதிரையை விரட்டும். பின்வாங்கவேண்டிய குதிரையோ முன்னே பாய்ந்து, அரசனின் அருகிலிருக்கும் காலாளையும் வெட்டிவிடும்! ராணியையும் ஒரு யானையையும் அது ஒருங்கே தாக்குதலின், அரசன் தானே வந்து அதனை வெட்டுகின்றான். கணக்குப் பார்ப்போமாயின், குதிரைக்கு மதிப்பு மூன்று. கிடைத்த காலாள்கள் இரண்டே. ஆயின் வெளியேறிய அரசன் இனிக் கோட்டை கட்ட இயலாது. நடுப்பலகையும் வெள்ளையின் காலாள்களுக்குத் திறந்துகிடக்கின்றது.

இந்த நட்டத்தைக் கடிகாரம் எவ்வாறு ஈடுசெய்கின்றது? உலக மின்னல் ஆட்டப் போட்டியில் ஒருவருக்கு மூன்று நிமிடமும், நகர்வு ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக இரண்டு விநாடியும் தரப்படுகின்றன. நாற்பது நகர்வுக்கு மொத்தம் 260 விநாடி. அஃதாவது நகர்வொன்றுக்கு ஆறரை விநாடி. தாக்குபவர் வீட்டிலேயே எண்ணிவைத்த வழியில் விரைகின்றார். தற்காப்பவரோ தம் அரசனுக்குப் புகலிடத்தை அந்த ஆறரை விநாடிக்குள் தேடவேண்டும். சரியான விடை பலகையில் இருக்கலாம். அதைக் காண நேரம் இல்லையெனின் இருந்தும் என்ன? குதிரையை விற்று எதிரியின் நேரத்தை வாங்குகின்றார் வல்லவர்.

வாங்கியது நிலைக்குமா என்பது எதிரியைப் பொறுத்தது. பதறாதவர், பெற்ற குதிரைக்கு ஈடான காயொன்றைத் தக்க தருணத்தில் திருப்பிக் கொடுத்து அரசனைக் காத்துக்கொள்வர். பேராசை பிடித்தவரே சிக்குவர்.

நிதான ஆட்டத்திலும் இதனைத் துணிந்தவர் உளர். 1999ஆம் ஆண்டு ஸ்பானியாவின் லினாரெஸ் நகரில் பல்கேரியாவின் தோபலோவ், ரஷ்யாவின் கிராம்னிக்குக்கு எதிராக இதே குதிரைப் பலியைச் செய்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. எதிரி அடுத்த ஆண்டே உலக வெற்றிவீரரானவர் என்பதை நினைத்தால், அந்தச் சமநிலை சிறிதன்று.

மாணவன் கதை வேறு. சென்னையில் மிகையில் தால் பெயரால் அமைந்த கழகத்திலே, இளமையில் விசுவநாதன் ஆனந்த் மின்னல் ஆட்டங்கள் பல ஆடிப் பழகினார். அங்கே வென்றவர் பலகையை விட்டு எழார். தோற்றவர் எழுந்து இடம் கொடுப்பார். இழப்பு ஓர் இருக்கை மட்டுமே. அத்தகைய இடத்திலே பழுதுள்ள பலியைச் சோதித்துப் பார்ப்பதில் கேடில்லை. தாக்குதலின் சுவையும், அஞ்சாமையும் அதனால் வரும். ஆனால் பத்து முறை அதனால் வென்ற பிள்ளை, தன்னை வெல்வித்தது கடிகாரம் என்பதை மறந்து, தன் நகர்வே வென்றது என்று நம்பத் தொடங்கிவிடுகின்றான். வல்லவருக்குப் பழுது எங்கே என்று தெரியும், இவனுக்குத் தெரியாது. ஆதலின் அதை ஆடுமுன், கறுப்பின் பக்கத்தில் அமர்ந்து அதே நிலையைக் காத்துப் பார்க்கும்படி அவனுக்குச் சொல்வதே ஆசிரியரின் கடமை.

அவ்வாறு கறுப்பின் பக்கத்தில் அமர்ந்த மஹேஷ்சந்திரர் சும்மா இருந்தாரல்லர். 1855ஆம் ஆண்டு அதே கொக்ரேனுக்கெதிராக அவர் கையாண்ட ஒரு தற்காப்பு, 67 ஆண்டுகளின் பின் 1922இல் அதனை ஆடிய ஒஸ்திரியர் கிரூன்பெல்ட்டின் பெயரைப் பெற்றது. அதில் பழுது காண இன்றளவும் எவராலும் இயலவில்லை.