சும்மா இருந்தாலும் தேயும் பேட்டரி

லேப்டாப் பேட்டரி உழைத்துத் தேய்வது ஒரு பங்குதான். மறு பங்கு, சார்ஜரில் செருகியபடி மேசையில் சும்மா கிடக்கும்போதே தேய்ந்துவிடுகிறது. சேவூர், அவிநாசி வட்டாரத்து பனியன் யூனிட்டுகளின் ஆபீஸ் அறையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே லேப்டாப்பின் சார்ஜர் கழற்றப்படுவதே இல்லை. ஆர்டர் ஷீட், டிசைன், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் நேர் கரண்டிலேயே நடக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் குட்டு வெளிப்படும்: வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. ‘உபயோகிக்கவே இல்லையே, எப்படிக் கெட்டது?’ என்ற கேள்வி சர்வீஸ் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

கேள்வி கேட்போர் எண்ணிக்கை இனி கூடத்தான் போகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. 2025-26 தமிழக பட்ஜெட், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளை ஒட்டிப் பிராசஸர், மெமரி, திரை அளவு பற்றியெல்லாம் பேச்சு அடிபடும். முதலில் கெடப்போகும் பாகமான பேட்டரியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

லித்தியம் அயனி பேட்டரியின் வேலை எளிது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் ஆக்ஸைடு போன்ற நேர்முனையிலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள கரிமத் திரவத்தைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். கருவி ஓடும்போது திரும்பி வரும். சிக்கல் அந்த நடுத் திரவத்தில் இருக்கிறது. லித்தியம் நிறைந்த கிராஃபைட் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடத் துடிக்கும் பொருள். அதைத் தொடும் திரவம் சிதையாமல் இருக்க முடியாது. கணக்குப்படி பார்த்தால் இந்த பேட்டரி ஒரு நாள்கூட உயிரோடு இருக்கக் கூடாது. இருப்பதற்குக் காரணம், சிதைந்த திரவமும் கொஞ்சம் லித்தியமும் சேர்ந்து கிராஃபைட்டின் மேல் படியும் ஒரு படலம். தடிமன் சில பத்து நானோமீட்டர். அயனியை விடும், திரவத்தையும் எலக்ட்ரானையும் தடுக்கும்.

சேவூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேனை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். கிராமம் நேர்முனை, கம்பெனி கிராஃபைட், வேன்தான் அந்தத் திரவம், ஆட்கள் லித்தியம். கம்பெனிக்கு முதலில் கேட் கிடையாது. முதல் நாள் வந்து இறங்கியவர்கள் வேனின் தகரத்தையே பிய்த்து ஒரு கேட் கட்டுகிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒருவர் வரை வாட்ச்மேனாக அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் இனி ஊர் திரும்பமாட்டார்கள், தையல் மெஷினிலும் உட்காரமாட்டார்கள். ஆனால் அந்த கேட் இருப்பதால்தான் மறுநாள் வேன் முழுசாக ஊர் திரும்புகிறது. (இந்த முதல் நாள் கூத்து தொழிற்சாலையிலேயே நடத்தி முடிக்கப்படும், வாங்குபவர் கைக்கு வருவது கேட் போட்ட கம்பெனி.) அத்தோடு நின்றால் பரவாயில்லை. ஆட்கள் உள்ளே நுழையும்போது கம்பெனிக் கட்டடமே பத்து சதவீதம் உப்பும், வெளியேறினால் சுருங்கும். கேட்டில் விரிசல் விழும். மறுபடி தகரம், மறுபடி வாட்ச்மேன். ஒன்றரை ஷிப்டு ஓடும் சீசனில் கூட்டம் முழுவதையும் ராவும் பகலும் உள்ளேயே அடைத்து வைத்தால் இன்னும் மோசம்: கேட்டில் நெருக்கடி ஓயாது, விரிசல் விழாமலே வாட்ச்மேன்கள் பெருகுவார்கள். மஸ்டர் ரோலில் நூறு பேர், மெஷினில் எழுபது பேர், கேட்டில் நுழைய நீண்ட வரிசை. பேட்டரியின் கொள்ளளவு குறைவதும் உள்மின்தடை கூடுவதும் இதுதான்.

இழப்பு எவ்வளவு சிறியது என்பதில்தான் சுவாரஸ்யம். ஒரு சுற்றுக்கு 99.9 சதவீத லித்தியம் திரும்பி வருகிறது என்றால் பிரமாதமாகத் தோன்றும். 500 சுற்றுக்குப் பின் மீதி 61 சதவீதம். 99.98 ஆனால் 90 சதவீதம். நல்ல பேட்டரிக்கும் மட்டமானதற்கும் உள்ள தூரம் இந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. இன்னொன்று: படலம் தடிக்கத் தடிக்க அதன் வளர்ச்சியே மெதுவாகும். எனவே முதல் சில மாதங்களில் ஐந்தாறு சதவீதம் குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது சூட்டுக்கும் முழு சார்ஜுக்கும். வேதிவினை சூட்டில் வேகமெடுக்கும். முழு சார்ஜில் கிராஃபைட் பக்கம் திரவத்தைச் சிதைக்கும், 4.2 வோல்ட்டில் நிற்கும் நேர்முனைப் பக்கமும் தன் பங்குக்கு அதை அரிக்கும். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் ‘பேட்டரி யுனிவர்சிட்டி’ தரும் உத்தேசக் கணக்கு இது. 40 சதவீத சார்ஜில் 25 டிகிரியில் ஓராண்டு சும்மா வைத்த பேட்டரி 96 சதவீதத் திறனோடு இருக்கும். முழு சார்ஜில் அதே சூட்டில் 80. முழு சார்ஜும் 40 டிகிரியும் சேர்ந்தால் 65. சித்திரை வெயிலில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே, அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில், ஓயாமல் செருகிக் கிடக்கும் லேப்டாப் இந்த மூன்றாவது ரகம். போதாததற்குப் பஞ்சுத் தூசு. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்தில் பறக்கும் பஞ்சு லேப்டாப் விசிறிக்குள் போய், வெப்பம் வெளியேறும் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படிந்துவிடும். விசிறி அலறும், சூடு உள்ளேயே நிற்கும், பேட்டரி வேகும். வருடம் ஒருமுறை அதைத் திறந்து சுத்தம் செய்வது, கடையில் விற்கும் எந்த ‘கூலிங் பேட்’டைவிடவும் பயன் தரும்.

இந்த பேட்டரியின் வரலாறு என்று சொல்ல வேண்டுமானால்: விஞ்ஞானி விட்டிங்ஹாம் 1970களில் தொடங்கினார், குட்இனஃப் 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டுவந்தார், யோஷினோ 1985இல் பாதுகாப்பான வடிவம் கொடுத்தார், சோனி 1991இல் விற்றது, மூவருக்கும் 2019இல் நோபல். படலத்தை 1979இலேயே விளக்கிய இஸ்ரேலின் இமானுவேல் பெலெட் பெயர் பொதுவெளியில் அடிபடுவதில்லை. அதைவிட ரசிக்கத்தக்கது ஒரு தற்செயல். புரொப்பிலீன் கார்பனேட் என்ற திரவத்தில் கிராஃபைட் உதிர்ந்து போகும். ஒரே ஒரு மெத்தில் தொகுதி குறைந்த எத்திலீன் கார்பனேட்டில் உறுதியான படலம் அமையும். ஆய்வாளர்கள் பல காலம் தொடத் தயங்கியதற்கு அது அறை வெப்பத்தில் திடப்பொருள் என்பதும் ஒரு காரணம். அதன் உருகுநிலை 36 டிகிரி. சேவூரின் மே மாத மதியத்தில் பாட்டிலிலேயே உருகியிருக்கும். தமிழ்நாட்டில் இந்த வேதியியலுக்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. 2018இல் அதன் லித்தியம் பேட்டரித் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாற்ற ஒப்பந்தமானபோது, ஊரெல்லாம் உள்நாட்டு பேட்டரி வந்துவிட்டதுபோல் செய்திகள் வந்தன. ஒப்பந்தத்துக்கும் கடைச் சரக்குக்கும் இடையே உள்ள வருடங்களைத் தலைப்புச் செய்திகள் எண்ணுவதில்லை.

பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் அளந்து பார்க்க வேண்டும். விண்டோஸில் ‘பேட்டரி ரிப்போர்ட்’ கட்டளை இரண்டு எண்களைத் தரும்: வடிவமைத்த கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. 42 வாட்-மணி 31 ஆகியிருந்தால் கால் பங்கு போயிற்று. எண் நன்றாக இருந்தும் நேரம் நிற்கவில்லையென்றால் குற்றம் பேட்டரியில் இல்லை. 8 வாட்டில் ஓட வேண்டிய கணினி ஏதோ ஒரு மென்பொருளால் 15 வாட் குடிக்கிறது. 30 சதவீதம் காட்டியபடியே திடீரென அணைந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று, கணக்குப் பார்க்கும் சிப் தடுமாறியிருக்கும். ஒருமுறை முழுதாக ஏற்றி இறக்கினால் சரியாகும். மற்றது, தொடராக இணைந்த செல்களில் ஒன்று சோர்ந்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது.

புது பேட்டரியை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், ஒவ்வொரு முறையும் பூஜ்யம் வரை இறக்க வேண்டும் என்பவை நிக்கல் காட்மியம் காலத்து வழக்கங்கள். லித்தியத்துக்கு இரண்டாவது தீங்கே செய்யும். ஃபிரிட்ஜில் வைத்தால் செத்த பேட்டரி பிழைக்கும் என்பதும், ‘பேட்டரி டாக்டர்’ செயலிகளும் வெறும் வேடிக்கை. வாட்ச்மேனான ஆளை எந்த மென்பொருளும் மெஷினுக்குத் திருப்பி அனுப்பாது.

செய்யத்தக்கது சொற்பம். நாள் முழுதும் செருகியே வைக்க வேண்டியிருந்தால் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக்க வேண்டும். இந்த வசதி இப்போது பெரும்பாலான லேப்டாப்புகளில் இருக்கிறது. லெனோவோவில் ‘கன்சர்வேஷன் மோடு’, மற்றவற்றில் பயாஸிலோ நிறுவனச் செயலியிலோ. பேட்டரிக்கு வாரண்டி பெரும்பாலும் ஓராண்டுதான் என்பதால் பத்தாம் மாதமே ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது நல்லது. மாற்று பேட்டரியில் விலையைவிடத் தயாரித்த தேதி முக்கியம்: மூன்று வருடம் குடோனில் கிடந்தது புதியதல்ல. ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் பதிவு முத்திரை இல்லாததை வாங்கக் கூடாது. டச்பேட் மேலெழும்பினால் உள்ளே பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாமல், குத்தாமல், அழுத்தாமல் உடனே கழற்றிவிட வேண்டும். அதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படைத்துவிடலாம்.