சுரங்கவியல், மூலப்பொருள் பட்டப்படிப்புகளில் சுழற்சிப் பொருளாதாரக் கல்வி

சுழற்சிப் பொருளாதாரம் என்பது ஒரு பொருளை மண்ணிலிருந்து எடுத்து, பயன்படுத்தி, எறிந்துவிடும் நேர்கோட்டுப் போக்குக்கு மாற்றான பொருளாதார முறையாகும். பழுதுபார்த்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி ஆகியவற்றின் வழியாகப் பொருட்களை நீண்டகாலம் பயன்பாட்டிலேயே வைத்திருப்பது இதன் நோக்கம். அண்மைக் காலத்தில் சுரங்கப் பொறியியல், தாதுச் செறிவூட்டல், உலோகவியல் ஆகிய பட்டப்படிப்புகளிலும், குறிப்பாக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில், இக்கருத்து பாடமாக இடம்பெறத் தொடங்கியுள்ளது.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. சுரங்கவியல் தோண்டக் கற்பிக்கிறது. சுழற்சிப் பொருளாதாரமோ தோண்டுவதைக் குறைக்கச் சொல்கிறது. ஆனால் எந்தக் கனிமம் எடுக்கப்பட வேண்டும், எது கழிவாக ஒதுக்கப்பட வேண்டும் என்பதைச் சுரங்கத்தை வடிவமைக்கும் பொறியாளரே கணக்கிடுகிறார். அக்கணக்கின் விளைவு பல தலைமுறைகளுக்கு நிலத்தில் நிற்கும். ஆகவே சுழற்சி பற்றிய அறிவு இத்துறை மாணவர்களுக்கே முதலில் தேவைப்படுகிறது.

கல்வியின் தேவை

ஒரு டன் தாதுவில் 6 கிலோ செம்பு இருப்பதாகக் கொள்வோம். அதை அரைத்து, நுரை மிதப்பு முறையில் 25 விழுக்காடு செம்பு கொண்ட செறிவாக மாற்றினால், இழப்பே இல்லாவிட்டாலும் கிடைப்பது 24 கிலோ செறிவுதான். மீதமுள்ள 976 கிலோ நுண்துகள் சேறாக வெளியேறும். இச்சேறு சுரங்கத் துறையில் 'டெய்லிங்ஸ்' எனப்படுகிறது. இது பெரும்பாலும் மண் அணைகளுக்குப் பின்னால் தேக்கி வைக்கப்படுகிறது.

இவ்வணைகள் உடையும்போது பேரழிவு நேர்கிறது. 2019 சனவரி 25 அன்று பிரேசிலின் புருமாதின்யோ நகருக்கு அருகே இரும்புத்தாதுச் சுரங்கம் ஒன்றின் கழிவணை உடைந்து 270 பேர் உயிரிழந்தனர். கழிவின் அளவைக் குறைப்பதும், அதைச் சிமெண்டுடன் கலந்து நிலத்தடி வெற்றிடங்களில் நிரப்புவதும், அதிலுள்ள பிற கனிமங்களைப் பிரித்தெடுப்பதும் சுற்றுச்சூழல் பாடத்தில் மட்டும் அடங்கும் செய்திகள் அல்ல. அவை உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையவை.

சட்டங்களும் இத்தேவையைக் கூட்டியுள்ளன. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கிய மூலப்பொருள் சட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் மூலோபாய மூலப்பொருள் தேவையில் 10 விழுக்காட்டை உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்தும், 25 விழுக்காட்டை மறுசுழற்சியிலிருந்தும் பெறும் திறனை இலக்காக வைத்துள்ளது. சுரங்கமும் மறுசுழற்சியும் ஒரே சட்டத்தில் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் அறிந்த பட்டதாரிகள் இல்லாமல் இவ்விலக்கை எட்ட இயலாது.

பிரைபெர்க்: ஒரு முன்னோடி நகர்

செருமனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள பிரைபெர்க் நகரில் 1168இல் வெள்ளி கண்டறியப்பட்டது. அங்கு 1765இல் நிறுவப்பட்ட சுரங்கக் கல்விக்கழகம் இன்று பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. அந்நகரில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஆன்சு கார்ல் வான் கார்லோவிட்சு, உருக்காலைகளுக்கும் சுரங்கத் தாங்குமரங்களுக்கும் காடுகள் அழிக்கப்படுவதைக் கண்டு, மீண்டும் வளரும் அளவுக்கு மேல் மரம் வெட்டலாகாது என 1713இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். நீடித்த பயன்பாடு என்ற கருத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்நூல் கருதப்படுகிறது. அக்கருத்து சுரங்கத் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்ததன்று என்பது கவனிக்கத்தக்கது.

இன்று பிரைபெர்க் பல்கலைக்கழகம் பெல்ஜியத்தின் கெண்ட், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகங்களுடன் இணைந்து, இயற்கை வள மேலாண்மையில் ஒரு கூட்டு முதுநிலைப் பட்டப்படிப்பை நடத்துகிறது. தாதுவைத் தேடுவதில் தொடங்கி, பிரித்தெடுத்தல், பயன்பாடு, மறுசுழற்சி வரையிலான முழுச் சங்கிலியும் அதன் பாடப்பொருளாகும்.

கற்பிக்கப்படும் அடிப்படைக் கருத்துகள்

1. கழிவு என்பது நிலையான பண்பு அன்று

எந்தத் தரத்துக்குக் கீழுள்ள பாறையை எடுத்தால் செலவுக்குக் கட்டுப்படியாகாதோ அத்தரம் 'கட்-ஆஃப் கிரேடு' எனப்படும். விலை உயர்ந்தாலோ புதிய தொழில்நுட்பம் வந்தாலோ இவ்வெல்லை கீழிறங்கும்; நேற்றைய கழிவு இன்றைய தாதுவாகும்.

இதற்கும் பிரைபெர்க்கே சான்று. ஈயத் தாது போலத் தோன்றி ஈயம் தராத ஒரு கனிமத்தைச் செருமானியச் சுரங்கத் தொழிலாளர்கள் 'ஏமாற்றுக் கல்' என்னும் பொருளில் 'பிளெண்டே' என்று அழைத்தனர். அது துத்தநாகத்தின் தாது. 1863இல் பெர்டினாண்ட் ரைக், தியோடர் ரிக்டர் ஆகியோர் பிரைபெர்க்கின் துத்தநாகத் தாதுவிலேயே இண்டியத்தைக் கண்டறிந்தனர். 1886இல் கிளெமன்ஸ் விங்க்ளர் அருகிலிருந்த சுரங்கத்தின் வெள்ளித் தாது ஒன்றில் ஜெர்மேனியத்தைக் கண்டறிந்தார். இன்று இண்டியம் தொடுதிரைகளிலும், ஜெர்மேனியம் ஒளியிழைகளிலும் பயன்படுகின்றன. ஆகவே கழிவைக் கொட்டும்போதே அதில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்து வைக்க மாணவர்கள் பழக்கப்படுத்தப்படுகின்றனர்.

2. உலோகங்கள் கூட்டாகவே கிடைக்கின்றன

இண்டியத்துக்கெனத் தனிச் சுரங்கம் பொதுவாக இல்லை. அது துத்தநாகத்தின் துணைப்பொருள். காலியம் பெரும்பாலும் பாக்சைட்டிலிருந்தும், கோபால்ட்டின் பெரும்பகுதி செம்பு, நிக்கல் தாதுக்களிலிருந்தும் கிடைக்கின்றன. துணை உலோகத்தின் தேவை உயர்ந்தாலும் முதன்மை உலோகத்தின் உற்பத்தி உயராவிட்டால் அதன் வரத்து எளிதில் கூடாது. ஓர் உலோகத்தை மட்டும் கணக்கில் கொண்டு ஆலையை வடிவமைத்தால் மற்றவை கழிவோடு போய்விடும்.

3. மறுசுழற்சிக்கு இயற்பியல் வரம்புகள் உண்டு

அலுமினியத்தை மறுசுழற்சி செய்ய, தாதுவிலிருந்து எடுப்பதற்கான ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும். எல்லா உலோகங்களும் இவ்வளவு எளிதல்ல. பழைய எஃகை உருக்கி ஆக்சிசனைச் செலுத்தினால் சிலிக்கான் போன்றவை ஆக்சைடுகளாகிக் கசடில் சேர்ந்துவிடும். செம்புக்கு இரும்பைவிட ஆக்சிசனோடு சேரும் நாட்டம் குறைவு என்பதால் அது எஃகிலேயே தங்கிவிடும். செம்பு மிகுந்த எஃகைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். எனவே பழைய வாகனங்களை நொறுக்கும் முன்பே மோட்டார்களையும் கம்பிகளையும் கழற்றுவது பயனுள்ளது. ஒரு பொருளை எளிதில் பிரிக்கும்படி வடிவமைப்பது ஏன் முக்கியம் என்பதை மாணவர்கள் இங்கு வேதியியல் வழியாகவே உணர்கின்றனர்.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் 60 உலோகங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், பயன்பாடு முடிந்தபின் 50 விழுக்காட்டுக்கு மேல் மறுசுழற்சி ஆனவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு எனக் கண்டது. 34 உலோகங்கள் 1 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

4. காலத் தாமதம்

ஒரு நாடு 30 ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு 100 டன் செம்பைப் பயன்படுத்தியது. இப்போது 200 டன் பயன்படுத்துகிறது. செம்புப் பொருட்களின் ஆயுள் 30 ஆண்டு எனக் கொள்வோம். இவ்வாண்டு பயன்பாட்டிலிருந்து விலகுவது 30 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 100 டன்தான். அதில் ஒரு கிராம்கூட வீணாகாமல் மீட்டாலும் தேவையில் பாதிக்கே போதும். தேவை வளரும் வரை சுரங்கங்களும் தொடரும் என்பதே இக்கணக்கின் பொருள். மறுசுழற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற நம்பிக்கையையும், அது வெறும் விளம்பரம் என்ற அலட்சியத்தையும் இக்கணக்கு ஒருசேரத் திருத்துகிறது.

கற்பிக்கும் முறைகள்

இக்கருத்துகளைக் கைக்குக் கொண்டுவரப் பின்வரும் முறைகள் பயன்படுகின்றன.

நிறைச் சமநிலைக் கணக்கு: ஆலைக்குள் சென்ற ஒவ்வொரு தனிமமும் எதனுடன் வெளியேறியது என்பதை மாணவர்கள் கணக்கிடுகின்றனர். 'இழப்பு' என்று எழுதி முடிக்க இதில் இடமில்லை.

ஆய்வகப் பயிற்சி: பாறைக்குப் பயன்படும் நொறுக்குதல், காந்தப் பிரிப்பு, நுரை மிதப்பு ஆகியவற்றைப் பழைய மின்சுற்றுப் பலகைகளில் செய்து பார்க்கின்றனர். உலகில் 2022இல் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டது.

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு: ஒரு கிலோ உலோகத்துக்கான ஆற்றல், நீர், மாசு ஆகியவை தொடக்கம் முதல் இறுதி வரை மதிப்பிடப்படுகின்றன. சில நேரங்களில் மறுசுழற்சியே அதிக ஆற்றலை விழுங்குவதும் இதில் வெளிப்படும்.

மூடல் திட்டம்: சுரங்கத்தைத் திறப்பதற்கான வடிவமைப்போடு அதை மூடுவதற்கான திட்டத்தையும் மாணவர்கள் ஒன்றாகத் தயாரிக்கின்றனர்.

கோலார்: இந்தியச் சூழலில் ஒரு பயிற்சி

இந்திய மாணவர்கள் இக்கருத்துகளைப் பொருத்திப் பார்க்கக் கருநாடகத்தின் கோலார் தங்கவயல் ஏற்ற களமாகும். தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் உழைத்த இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சயனைடு முறையில் தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு, கோடிக்கணக்கான டன் அளவில் மேடுகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. காற்றடிக்கும்போது அதன் தூள் குடியிருப்புகளில் படிகிறது. மேடுகளில் எஞ்சிய தங்கத்தை மீட்கும் யோசனைகளும் எழுந்துள்ளன.

ஒரு வகுப்பில் இதை வினாவாக வைக்கலாம். எஞ்சிய தங்கத்தின் மதிப்பு மீட்கும் செலவுக்கு ஈடாகுமா? ஈடாகாவிட்டாலும் தூளை அகற்றுவதால் மக்கள் அடையும் நலனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தங்கத்தை எடுத்தபின் அதே அளவு தூள் மீண்டும் எஞ்சுமே, அதை எங்கே வைப்பது? மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாத திட்டம் சுழற்சித் திட்டமாகாது. மேட்டை இடம் மாற்றியதாகவே அமையும்.

சிக்கல்கள்

இக்கல்வியில் காணப்படும் முதன்மைக் குறை, சுழற்சிப் பொருளாதாரம் இறுதியாண்டில் ஒரு விருப்பப்பாடமாக ஒட்டப்படுவது. மற்றப் பாடங்களில் பழைய கணக்குகளையே செய்துவிட்டு, இறுதியில் ஒரு பருவம் மட்டும் வேறுவிதமாகச் சிந்திக்குமாறு மாணவர் எதிர்பார்க்கப்படுகிறார். ஏற்கெனவே நெருக்கடியான பாடத்திட்டத்தில் புதிய பாடங்களுக்கு இடம் தேடுவதைவிட, இருக்கும் பாடங்களின் கணக்குகளை மாற்றுவதே நடைமுறைக்கு உகந்தது.

மற்றொன்று சொல்லளவில் நின்றுவிடும் ஆபத்து. நிறுவனங்கள் சிறிதளவு மறுசுழற்சியைக் காட்டித் தம்மைப் பசுமையாகக் காட்டிக்கொள்ளும்போது, அதைச் சோதிக்கும் திறன் பட்டதாரியிடம் இருக்க வேண்டும். எத்தனை டன் உள்ளே வந்தது, எத்தனை டன் வெளியே சென்றது, எஞ்சியது எங்கே இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்ற நான்கு வினாக்களை எந்தத் திட்டத்தின் முன்னும் தயங்காமல் கேட்கத் தெரிந்த பொறியாளரை உருவாக்குவதே இக்கல்வியின் பயனாகும்.