வேங்கடத்தில் மற்றோர் எல்லை

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்பது தொல்காப்பியப் பாயிரம். சித்தூருக்கு மாற்றலாகி வந்த எனக்கு, அம்மலையிலேயே மற்றோர் எல்லையும் உண்டென்பது தெரியாது. பலமுறை பேருந்தில் உறங்கியபடியே அதனைக் கடந்திருக்கிறேன்.

திருமலைப் பாதையின் செங்குத்துச் சரிவில், கீழே கிரானைட் பாறை. அதன்மேல் அடுக்கடுக்காய்ப் படிந்த குவார்ட்சைட். இவ்விரண்டும் சந்திக்கும் கோட்டில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் தடயமே இல்லை. பேரேட்டில் பக்கங்கள் விடுபட்டால் நாங்கள் பதறுவோம். இங்கோ அறிஞர்கள் வியந்து நிற்கின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் போற்றுகிறது.

சுற்றியுள்ள சேஷாசலக் காடு 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் இங்கு வளர்கிறது. கடத்தலுக்காக வெட்டப்பட்டு அருகிவரும் அம்மரத்தையும் பேருந்தின் சன்னலோர இருக்கையிலிருந்தே காணலாம்.